கதவைத் திறந்து வைத்த ஊர்

ராத்திரி பத்து மணி. வெளியே மழை கொட்டுகிறது. எல்லோரும் சாப்பிட்டாயிற்று; பாத்திரம் தேய்த்து, சமையலறையை அலம்பி, குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டு, "அப்பாடா!" என்று உட்காருகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்து யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு ஸ்திரீ. தலை முதல் கால் வரை நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறாள்.

என்ன செய்வீர்கள், சகோதரிகளே?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். நான் இன்னும் முழு விஷயத்தையும் சொல்லவில்லை. அவளைப் போலீஸ் தேடுகிறது. அவளை உள்ளே விட்டது தெரிந்தால் உங்கள் கணவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் போவார்கள். வீட்டிலோ எல்லாம் ரேஷன் சாமான்; அளந்து அளந்து சமைக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதும் நிச்சயமில்லை. இப்போது சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "நாளைக்குப் பகலில் வாருங்களேன்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அப்புறம் ராத்திரி முழுவதும் தூக்கம் வராமல் புரண்டிருப்பேன்.

இதே கேள்வி ஒரு மலைக் கிராமத்தின் வாசலுக்கு வந்தது. ஒரு தடவை அல்ல. நாலு வருஷ காலம், நாள் தவறாமல். அந்த ஊரார் சொன்ன பதிலைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. போன ஜூன் மாதம் அது நிறைவேறியது.

*மலை மேலே ஒரு ஊர்*

ஊரின் பெயர் லெ ஷாம்போன்-சுர்-லின்யோன். பயப்படாதீர்கள், லின்யோன் ஆற்றங்கரையிலுள்ள ஷாம்போன் என்றுதான் அர்த்தம். நாம் ஷாம்போன் என்றே வைத்துக்கொள்வோம்.

பிரான்ஸ் தேசத்தின் தென்பாதியில், லியோன் நகரத்துக்குத் தென்மேற்கே, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி இருக்கிறது. லியோனிலிருந்து ரயிலில் சென்-எத்தியேன் வந்து, அங்கிருந்து பஸ் ஏறினேன். பஸ் வளைந்து வளைந்து மேலே போகப் போக, தொழிற்சாலைகளும் புகைபோக்கிகளும் மறைந்து பைன் மரக் காடுகள் தொடங்கின. ஜூன் மாதம் ஆனபடியால் மேட்டுச் சரிவெல்லாம் ஏதோ ஒரு புதர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மலைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போல.

ஊரைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது கல்தான். கருங்கல் சுவர், பல வீடுகளுக்குக் கூரை கூடக் கல் பலகை. எதற்கு இத்தனை கனம் என்றால், குளிர்காலக் காற்றுக்காக. அந்தக் காற்றுக்கு "பூர்ல்" என்று ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அது வடக்கேயிருந்து பனித்தூளை வாரிக்கொண்டு வந்து கொட்டினால், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பாதை மறைந்து போகுமாம். அந்த மாதிரி ஊரில் கதவைத் தட்டுகிறவனைத் திருப்பி அனுப்புவது என்றால், அது அவனைச் சாகச் சொல்வதற்குச் சமானம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு குட்டி ரயில் இங்கே வந்துகொண்டிருந்தது. இப்போதும் கோடையில் உல்லாசப் பிரயாணிகளுக்காக அந்தத் தண்டவாளத்தில் ரயில் விடுகிறார்கள். குழந்தைகள் கைதட்டி ஏறுகிறார்கள். 1941-ல் அதே ஸ்டேஷனில் இறங்கிய குழந்தைகள் கை தட்டவில்லை. கையில் ஒரு சின்ன மூட்டை. கழுத்தைச் சுற்றி அம்மா கட்டிவிட்ட துணி. அம்மா மட்டும் கூட இல்லை.

*கதையின் முன்கதை*

ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 1940 ஜூன் மாதம் பிரான்ஸ் தோற்றது. வட பாதியை ஜெர்மன் சைன்யம் பிடித்துக்கொண்டது. தென் பாதிக்கு விஷி என்ற ஊரில் பெத்தேன் என்ற கிழ மார்ஷலின் சர்க்கார் ஏற்பட்டது. ஜெர்மனி கேட்கும் அகதிகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சமாதான உடன்படிக்கையில் ஒரு ஷரத்து. யூதர்களுக்கு விரோதமான சட்டங்களை விஷி சர்க்கார் தானாகவே இயற்றியது. யுத்தம் முடிவதற்குள் பிரான்ஸிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் சரக்கு ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

அப்படிப்பட்ட காலத்தில் இந்த ஊருக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது? இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பிரான்ஸ் கத்தோலிக்க தேசம். ஆனால் இந்த மலையில் பெரும்பாலோர் பிராட்டஸ்டண்டுகள். 1685-ல் பதினாலாம் லூயி மன்னன் அவர்களுடைய மதத்தையே சட்ட விரோதமாக்கினான். கோயில்களை இடித்தார்கள். பாதிரிமார்களைத் தூக்கிலிட்டார்கள். ஜனங்கள் காட்டிலும் குகையிலும் ஒளிந்து பிரார்த்தனை செய்தார்கள். மரீ துராந்த் என்ற பெண் இந்தப் பக்கத்து மலைநாட்டைச் சேர்ந்தவள். அவளை 1730-ல் தெற்கே ஒரு கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. 38 வருஷம் உள்ளேயே இருந்தாள்! அந்தக் கோபுரத்துக் கல்லில் "எதிர்த்து நில்" என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் செதுக்கியிருக்கிறது. அது அவள் கையால் செதுக்கியது என்று சொல்லுகிறார்கள்.

இதெல்லாம் இங்கே பாட்டிமார்கள் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. "நம்முடைய முன்னோர்களும் ஒரு காலத்தில் கதவைத் தட்டியவர்கள்தான்" என்பது ஷாம்போன்காரர்களின் ரத்தத்தில் ஊறியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இது கொஞ்சம் லௌகிகமானது. மலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று 1890-களிலிருந்தே சென்-எத்தியேன் போன்ற தொழில் நகரங்களின் ஏழைக் குழந்தைகளை இங்கே அனுப்பி வைப்பது வழக்கமாயிருந்தது. அதனால் விடுதிகளும், வாடகை அறைகளும், அயலார் குழந்தைக்குச் சோறு போட்டுப் பழகிய குடியானவப் பெண்களும் இங்கே நிறைய. புது முகத்தைக் கண்டு யாரும் திடுக்கிடமாட்டார்கள். ஒளித்து வைப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

*கருகிப் போன ஜோடு*

1934-ல் இந்த ஊருக்குப் பாதிரியாராக வந்தவர் அந்திரே த்ரோக்மே. எந்தக் காரணத்துக்காகவும் மனிதனை மனிதன் கொல்லக் கூடாது என்ற கொள்கையில் உறுதியானவர். அவரும், சக பாதிரியாரான எதுவார் தேய்ஸும் 1938-ல் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிரான்ஸ் தோற்றுக் கையெழுத்துப் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று கோயிலில் செய்த பிரசங்கத்தில், மனச்சாட்சிக்கு விரோதமாக யார் கட்டளையிட்டாலும் ஆத்ம பலத்தைக் கொண்டு எதிர்க்க வேண்டியது நம் கடமை என்று சொல்லிவிட்டார்கள்.

பிரசங்கம் செய்வது ஆண்கள் காரியம். அதை நடத்திக் காட்டுவது யார் காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாதிரியாரின் மனைவி மக்தா அம்மாள், இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். நாலு குழந்தைகள். சம்பளம் போதாததால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இத்தாலிய பாஷை வேறு சொல்லிக் கொடுத்தார். ஆற்றங்கரைப் பக்கம் அந்தப் பழைய கல் வீட்டின் எதிரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஆடம்பரம் ஒன்றுமில்லாத வாசல். அந்த வாசலில்தான் எல்லாம் ஆரம்பமாயிற்று.

தோல்விக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம். வெளியே பனி. கதவு தட்டும் சத்தம் கேட்டு மக்தா அம்மாள் திறந்தார். பனியில் நனைந்த ஜோடும், நடுங்கும் உடம்புமாக ஒரு ஸ்திரீ. "நான் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா?" என்ற பொருளில் கேட்டாள். வரலாம் என்றார் அம்மாள். அவ்வளவுதான்; யோசனை, ஆலோசனை ஒன்றும் கிடையாது. அடுப்பருகே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார். ஈர ஜோட்டை அடுப்புக்குள் காய வைத்தார்கள்.

பிறகு அம்மாள், ஒழுங்காகக் காரியம் செய்ய வேண்டும் என்று மேயரிடம் போனார். இந்தப் பெண்ணுக்கு ரேஷன் கார்டும் அடையாளச் சீட்டும் வேண்டும் என்று கேட்டார். மேயருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு அந்நிய யூதப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவைக்கப் பார்க்கிறீர்களா, உடனே அவளை வெளியேற்றுங்கள் என்றார். அம்மாள் வாடிய முகத்தோடு வீடு திரும்பினால், அங்கே காய வைத்த ஜோடு கருகிப் போயிருந்தது! யுத்த காலத்தில் ஜோடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஊரெல்லாம் விசாரித்து வேறு ஜோடு தேடிக் கொடுத்து, அந்தப் பெண் தங்க வேறொரு இடமும் பார்த்து அனுப்பி வைத்தார்.

ஆனால் அனுப்பியது அம்மாளின் மனத்தை வெகு காலம் உறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். கதவைத் திறக்கலாமா என்று எந்த அதிகாரியிடமும் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் கூடாது என்பார்கள். கேட்காமல் திறந்துவிட வேண்டும். பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

*ஊரே வீடானது*

அப்போது விஷி சர்க்கார் அந்நிய யூதர்களைக் குடும்பம் குடும்பமாக முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. கூர்ஸ், ரிவ்சால்த் என்ற இடங்களில் சேறும் பசியும் நோயும். த்ரோக்மே மார்செயில் நகரத்துக்குப் போய், அமெரிக்காவைச் சேர்ந்த குவேக்கர் தொண்டர்களைக் கண்டார். முகாமுக்கு வந்து ஊழியம் செய்ய விரும்புவதாகச் சொன்னார். முகாமுக்கு வர ஆள் உண்டு, முகாமிலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவரவும் எங்களால் முடியும், கொண்டுவந்தால் வைத்துக்கொள்ள ஊர்தான் இல்லை என்றார்கள் அவர்கள். உங்கள் ஊர் அந்த ஊராக இருக்குமா என்றும் கேட்டார்கள்.

இப்படியாக 1941 முதல் ஊரில் குழந்தைகள் இல்லங்கள் வரிசையாக ஏற்பட்டன. குவேக்கர்களும், சுவிட்ஜர்லாந்தின் உதவிச் சங்கமும், பிரெஞ்சுப் பிராட்டஸ்டண்டு வாலிபர் சங்கமான சிமாதும் பணமும் ஆளும் கொடுத்தார்கள். இல்லங்களில் இடம் போதாமல் போனபோது, காட்டோரப் பண்ணை வீடுகள் கதவைத் திறந்தன. இவற்றில் பலவற்றில் மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ். உருளைக்கிழங்கு சூப்பும் ரை ரொட்டியும்தான் ஆகாரம். அதில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தார்கள். பிராட்டஸ்டண்டுகள் மட்டுமல்ல, பக்கத்துக் கத்தோலிக்கர்களும் உதவினார்கள்.

இந்தக் காரியத்துக்குத் தலைமைக் காரியாலயம் கிடையாது. மெம்பர் லிஸ்டும் கிடையாது. அடுத்த வீட்டில் இருக்கும் "மருமகப் பையன்" யார் என்று யாரும் கேட்பதில்லை. தெரியாததைப் போலீஸிடம் சொல்ல முடியாதல்லவா? பாதிரிமார்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் கடிதத்தில் "பழைய ஏற்பாடு ஐந்து பிரதி அனுப்புகிறேன்" என்று வந்தால், ஐந்து யூதர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம்!

கள்ளச் சீட்டுத் தயாரிப்பது ஒரு தனி இலாகா. ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி என்று 19 வயது யூத இளைஞன் ஒருவன்; வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு, யூதன் என்பதற்காகக் காலேஜில் இடம் மறுக்கப்பட்டவன். ஒரு பண்ணை வீட்டில் தங்கிக்கொண்டு, அடையாளச் சீட்டும் ரேஷன் கார்டும் முத்திரையோடு அச்சு அசலாகச் செய்து தள்ளினான். சாமான்களை எங்கே ஒளித்து வைத்தான் தெரியுமோ? தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள்! எந்தப் போலீஸ்காரர் அதில் கை விடுவார்? யுத்தம் முடிந்த பிறகு அந்த இளைஞர் உண்மையாகவே டாக்டரானார்.

இங்கே தங்க முடியாதவர்களைச் சிமாதைச் சேர்ந்த பெண்கள் இடம் இடமாகக் கைமாற்றி, சுமார் 300 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சுவிஸ் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

*காலி பஸ்*

ஊராரின் பிடிவாதத்துக்கு ஒரு சின்ன உதாரணம். 1941-ல், பெத்தேன் சர்க்காரின் விழாவுக்காக ஒரு நாள் கோயில் மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எளிய அம்மாள் அடிக்கவில்லை. வந்து அதட்டியவர்களிடம், மணி ஆண்டவனுடையது, மார்ஷலுடையது அல்ல என்று சொல்லிவிட்டு வாசலில் குறுக்கே நின்றாராம்.

1942 ஜூலையில் பாரிஸில் இரண்டே நாளில் ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள். ஆகஸ்டு 10-ந் தேதி விஷி சர்க்காரின் வாலிபர் மந்திரி லமிரான் ஷாம்போனுக்கு விஜயம் செய்தார். பூமாலையையும் வரவேற்பையும் எதிர்பார்த்து வந்தவரிடம் பள்ளிக்கூட மாணவர்கள் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். பாரிஸில் நடந்ததைக் கேள்விப்பட்டோம், எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வந்தால் ஒளித்து வைப்போம் என்று அதில் கண்டிருந்தது. மந்திரியின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கூட வந்த ஜில்லா அதிகாரி பாதிரியார் மேல் பாய்ந்தார். த்ரோக்மே அமைதியாக, யூதர் என்பது என்னவென்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் பஸ்கள் வந்து சதுக்கத்தில் நின்றன. யூதர்களின் ஜாபிதாவைக் கொடுங்கள் என்று பாதிரியாரைக் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டார். வீடு வீடாகச் சோதனை நடந்தது. பரணிலும் பார்த்தார்கள், தொழுவத்திலும் பார்த்தார்கள். குழந்தைகளெல்லாம் முன்னாலேயே காட்டுக்குள் போயாயிற்று. போலீஸ் போன பிறகு ஊரார் காட்டோரம் போய் ஒரு பாட்டைப் பாடுவார்கள். அது கேட்டால், "ஆபத்தில்லை, வீட்டுக்கு வரலாம்" என்று குழந்தைகளுக்கு அடையாளம்.

அகப்பட்டவர் ஒரே ஒருவர். அத்தனை பெரிய பஸ்ஸில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பாதிரியாரின் மூத்த பையன், தன்னிடமிருந்த கடைசிச் சாக்லெட் துண்டை ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தான். பிறகு ஒவ்வொருவராக வந்து ஏதேதோ கொடுக்க, அவர் பக்கத்தில் பரிசுகள் குவிந்துவிட்டன. அவரையும் பிற்பாடு விடுதலை செய்துவிட்டார்கள்.

*கைது செய்ய வந்த விருந்தாளிகள்*

1943 பிப்ரவரி 13-ந் தேதி சாயங்காலம் இரண்டு போலீஸ் அதிகாரிகள் பாதிரியார் வீட்டுக்கு வந்தார்கள். அவர் வெளியே போயிருந்தார். காத்திருந்தார்கள். அவர் வந்ததும் கைது என்றார்கள். சாப்பாட்டு நேரம். மக்தா அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? மேஜையில் இரண்டு தட்டு கூட வைத்து, "நீங்களும் உட்காருங்கள்" என்றார்! அதிகாரிகளுக்கு நாணத்தால் தலை நிமிரவில்லை.

கணவனைப் பிடித்துப் போக வந்தவர்களுக்குச் சோறு போட எப்படி மனம் வந்தது என்று பின்னால் பலர் அம்மாளைக் கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சாப்பாட்டு வேளையில் வீட்டில் இருப்பவர்களைச் சாப்பிடச் சொல்வதில் என்ன அதிசயம் என்பது போலப் பதில் சொன்னார். நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பதில் உடனே விளங்கியிருக்கும்.

செய்தி பரவி ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். மெழுகுவர்த்தி, மீன் டப்பா என்று அந்தப் பஞ்ச காலத்தில் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த பொக்கிஷமெல்லாம் மேஜை மேல் சேர்ந்தது. த்ரோக்மேயை அழைத்துப் போகும்போது தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் நின்று கீர்த்தனம் பாடினார்கள். அவரோடு தேய்ஸும், பள்ளி ஆசிரியர் தார்சிஸாக்கும் முகாமில் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ஷலுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றபோது பாதிரிமார்கள் இருவரும் மறுத்தார்கள். ஆனாலும் விட்டுவிட்டார்கள்.

*ஏப்ரன் கட்டிய அம்மாள்*

எல்லாம் இப்படிச் சிரித்து முடிகிற கதையாக இருந்தால் நன்றாக இருக்கும், இல்லை.

1943 ஜூன் 29-ந் தேதி காலையில், மாணவர் விடுதியொன்றை ஜெர்மன் ரகசியப் போலீஸ் வளைத்துக்கொண்டது. அதை நடத்தியவர் பாதிரியாரின் உறவினரான தானியேல் த்ரோக்மே. கண் பார்வை குறைவு, இதயம் பலவீனம். குழந்தைகளின் ஜோடு தேய்ந்தால், ராத்திரி கண்விழித்து, பழைய மோட்டார் டயரை வெட்டி அடி வைத்துக் கொடுப்பாராம். அன்று அவர் வேறு வீட்டில் இருந்தார். காட்டுக்குள் ஓடித் தப்பியிருக்கலாம். "பிள்ளைகளை விட்டு எப்படிப் போவேன்?" என்பது போல நேரே அங்கே போனார்.

மக்தா அம்மாள் செய்தி கேட்டு, சமையல் ஏப்ரனை அவிழ்க்கக் கூட நேரமில்லாமல் ஓடினார். அந்த ஏப்ரனே அனுமதிச் சீட்டாயிற்று. விடுதிச் சமையற்காரி என்று எண்ணி உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாக விசாரணைக்குப் போகும்போது, அவர் காதருகே, அம்மாவின் விலாசத்தையும், பணம் வைத்திருக்கும் இடத்தையும் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். தானியேல் ஒரு யோசனை சொன்னார். இந்த விடுதியில் ஒரு ஸ்பானிய மாணவன், கொஞ்ச நாள் முன்பு ஆற்றில் மூழ்கிய ஜெர்மன் சிப்பாயைக் காப்பாற்றியிருந்தான். அம்மாள் ஊருக்குள் ஓடினார். ஓட்டலில் தங்கியிருந்த ஜெர்மன் அதிகாரிகளை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைத்தார். அந்த ஒரு பிள்ளை தப்பினான். மற்றப் பதினெட்டு மாணவர்களையும் தானியேலையும் லாரியில் ஏற்றினார்கள்.  மாணவர்களில் பலர் திரும்பவில்லை. தானியேல் 1944 ஏப்ரலில் போலந்திலுள்ள மைதானெக் முகாமில் இறந்தார்.

ஊர் வைத்தியர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே, ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஷ்வைட்சரிடம் ஊழியம் செய்தவர். அவரையும் ஜெர்மானியர் பிடித்து, 1944 ஆகஸ்டு 20-ந் தேதி லியோனுக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் மலைக்கு விடுதலை வந்தது. அவர் இருந்து பார்க்கவில்லை.

*எதிர்ச் சுவரில் ஒரு பலகை*

நாலு வருஷத்தில் இந்தப் பீடபூமியில் புகலிடம் பெற்ற யூதர்கள் 3,000 முதல் 3,500 பேர் வரை என்பது ஒரு மதிப்பீடு. மற்ற அகதிகளையும் சேர்த்தால் 5,000 என்கிறார்கள். ஷாம்போனின் ஜனத்தொகையோ ஏறக்குறைய மூவாயிரம். 1990-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் ஸ்தாபனம் தனி மனிதர்களுக்கு வழங்கும் கௌரவத்தை இந்த ஊருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் சேர்த்தே அளித்தது.

கோயில் என்றால் கோபுரம், சித்திரக் கண்ணாடி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சாதாரணக் கல் கட்டடம். ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லும் வாக்கு வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு பலகை. காப்பாற்றப்பட்ட யூதர்கள் 1979-ல் வந்து நன்றியோடு பதித்தது. அருகிலேயே 2013-ல் திறந்த நினைவு இல்லம். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் பழைய போட்டோக்களைப் பார்த்தேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யார் ஊர்ப் பிள்ளை, யார் ஒளிந்திருக்கும் பிள்ளை என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊராரின் வெற்றியே அதுதானே!

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரு சின்னக் கடையில் காட்டுப் பழ ஜாம் வாங்கினேன். கடைக்கார அம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். உங்கள் வீட்டிலும் யாரையாவது ஒளித்து வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். "என் பாட்டி வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்களாம்" என்றார், தோளைக் குலுக்கி. நான் மேலும் கேட்பதற்குள், ஜாமைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தானாம். அவர்களைத் தியாகிகள் என்றால் கூச்சப்படுகிறார்கள்.

கூச்சப்படாதவர்கள், மறக்காதவர்கள், வேறு சிலர். வியன்னாவில் பிறந்து, சிறுவனாகப் பெற்றோருடன் இங்கே வந்து ஒளிந்து உயிர் பிழைத்த ஒருவர், 2020 டிசம்பரில் தமது 90-வது வயதில் காலமானார். உயிலைப் பிரித்தால், சுமார் 20 லட்சம் யூரோவை இந்த ஊருக்கு எழுதி வைத்திருந்தார், பிள்ளைகளின் படிப்புக்காக. ஏறக்குறைய எண்பது வருஷத்துக்கு முன் சாப்பிட்ட சூப்புக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார்!

அந்திரே த்ரோக்மே 1971-லும் மக்தா அம்மாள் 1996-லும் மறைந்தார்கள். அந்த முதல் ஸ்திரீ, மாற்று ஜோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்து போனவள், பின்னால் என்ன ஆனாள் என்று நான் படித்த எதிலும் இல்லை. பஸ் மலையிறங்கும்போது அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருத்தியை அனுப்பிவிட்ட வருத்தத்தில்தான், பின்னால் வந்த யாரையும் மக்தா அம்மாள் அனுப்பவில்லை. முதல் நாளே வீரமாக இருக்க வேண்டும் என்பதில்லை, சகோதரிகளே. ஒரு தடவை தவறவிட்டதற்காக மனம் உறுத்தினால், அடுத்த தடவை கதவைத் திறந்துவிடலாம்.

ஊர் திரும்பிய மறு வாரம், ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மாடிக்குப் புதிதாகக் குடி வந்த வீட்டம்மாள்; குழந்தைக்கு ஜுரம், வீட்டில் ஆண் துணை இல்லை, டாக்டர் வீடு எங்கே என்று கேட்டாள். போலீஸும் இல்லை, பனியும் இல்லை. ஒரு ஆபத்தும் இல்லை. ஆனாலும், நான் சங்கிலியைக் கழற்றாமலேதான் முதலில் "யார்?" என்று கேட்டேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு கழற்றினேன்.